தேன்சிட்டு கற்றுத்தரும் தவக்குல்

அல்ஹம்து லில்லாஹ், வஸ்ஸலாத்து வஸ்ஸலாமு அலா ரசூலில்லாஹ்.



சென்ற வாரம் கொல்லிமலை திண்ணனூர் நாட்டில், நம் ஜமாஅத் சகோதரர் ஒருவரின் மிளகுத் தோட்டத்திற்குச் சென்றிருந்தேன். திண்ணைக்கு மேலே துணி காயப்போடும் கொடியில், குப்பைபோல் ஒரு பை தொங்கியது. பிள்ளைகள் அதைக் குச்சியால் தட்டப் போனார்கள். அதற்குள்ளிருந்து ஒரு சின்ன அலகு எட்டிப் பார்த்தது. அது ஊதாப்பிட்டு தேன்சிட்டின் கூடு.

தேன்சிட்டைச் சிலர் ரீங்காரச் சிட்டு என்பார்கள். ரீங்காரச் சிட்டு அமெரிக்கக் கண்டங்களில் மட்டுமே வாழ்வது. அதில் மிகச் சிறியது கியூபா நாட்டில் உள்ளது. எடை சுமார் 2 கிராம். நம் தேன்சிட்டு வேறு குடும்பம். நீளம் சுமார் 10 சென்டிமீட்டர். பெரும்பாலும் காம்பில் உட்கார்ந்துதான் தேன் குடிக்கும். குடிக்கும்போது மகரந்தத்தைப் பூவுக்குப் பூ கொண்டு சேர்க்கும். குஞ்சுகளுக்குப் பூச்சிகளையும் சிலந்திகளையும் பிடித்து ஊட்டும்.

கூட்டைக் கட்டுவது பெண் சிட்டு. நார், பட்டைத்துண்டு எல்லாவற்றையும் சிலந்தி நூலால் பிணைக்கிறது. வீடுகளில் மிகப் பலவீனமானது சிலந்தியின் வீடு என்று அன்கபூத் அத்தியாயம் கூறுகிறது. அந்த நூலைக் கொண்டே இரண்டு முட்டைகளைத் தாங்கும் கூட்டை அமைக்க இந்தச் சிட்டுக்குக் கற்றுக்கொடுத்தவன் யார்? சுப்ஹானல்லாஹ்!

பறவைகள் காலையில் வெறும் வயிற்றோடு கிளம்பி, மாலையில் வயிறு நிறைந்து திரும்புவதை நபி (ஸல்) அவர்கள் தவக்குலுக்கு உதாரணமாகச் சொன்னார்கள். உமர் (ரலி) அறிவிக்கும் இந்த ஹதீஸ் திர்மிதியில் உள்ளது. கவனியுங்கள், பறவை கிளம்பிச் செல்கிறது! கூட்டில் உட்கார்ந்துகொண்டு ரிஸ்க் வரட்டும் என்று அது காத்திருப்பதில்லை. "அல்லாஹ் பார்த்துக்கொள்வான்" என்று சொல்லிக் கடை திறக்காமல், மனைவி மக்களைக் கடனில் விடுகிற சகோதரர் இதைச் சிந்திக்கட்டும். இரவெல்லாம் நாளையக் கவலையில் தூக்கமிழப்பவரும் சிந்திக்கட்டும். தேன்சிட்டு எதையும் சேமித்து வைப்பதில்லை. ஆனாலும் ஒவ்வொரு விடியலிலும் புறப்படுகிறது.

இன்னொரு பாடமும் உண்டு. பயணத்தில் தோழர்கள் ஒரு சிறு பறவையின் இரண்டு குஞ்சுகளை எடுத்துவிட்டார்கள். தாய்ப்பறவை சிறகடித்துத் தவித்தது. அதைக் கண்ட நபி (ஸல்) அவர்கள், குஞ்சுகளைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னார்கள். இது அபூதாவூதில் வருகிறது. அன்று இந்தச் சம்பவத்தைச் சொன்னதும், பிள்ளைகள் குச்சியைக் கீழே போட்டார்கள். வீட்டுக்காரரும் குஞ்சுகள் பறக்கும் வரை துணியை வேறிடத்தில் காயப்போடுவதாகச் சொன்னார்.

உங்கள் வாசலிலும் ஒரு கூடு தொங்கினால், சில வாரங்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். பூத்திருக்கும் செடிமீது தேவையில்லாமல் மருந்து அடிக்காதீர்கள்.

உழைத்துவிட்டு அவனையே சார்ந்திருக்கும் உள்ளத்தையும், வாயில்லா ஜீவன்கள்மீது இரக்கத்தையும் அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.