அட்டையில் ஒரு துளை: மரபணு திருத்திய நெல்லைப் புரிந்துகொள்வோம்

ஓரிக்கை மாதிரி காஞ்சிபுரத்து ஊர்களில் தறிச் சத்தம் கேட்கும் தூரத்திலேயே நெல் வயலும் இருக்கும். அதனால இந்தப் பாடத்தைத் தறியிலிருந்தே தொடங்கலாம்.

ஜக்கார்டு பெட்டியில் அட்டைகளைக் கோத்து மாலையாகத் தொங்கவிட்டிருப்பார்கள். அட்டையில் துளை இருந்தால் அதற்குரிய பாவு நூல் மேலே எழும்பும். துளை இல்லையென்றால் கீழேயே கிடக்கும். மயிலா, மாங்காயா என்பதை அந்தத் துளைகள்தான் முடிவு செய்கின்றன. நெல்லுக்குள்ளும் இப்படி ஓர் அட்டை மாலை இருக்கிறது. அதுதான் மரபணுத் தொகுதி.

2002-ல் அனுமதி பெற்ற பி.டி. பருத்தி என்ன செய்தது? மண்ணில் வாழும் பாக்டீரியா ஒன்றின் அட்டையை எடுத்துப் பருத்தியின் மாலையில் சொருகியது. இப்போது வந்திருப்பது வேறு மாதிரி. வேற்று அட்டை எதுவும் கடைசியில் தங்காது. இருக்கிற அட்டையிலேயே ஒரு துளையை அடைத்துவிடுகிறார்கள். இதற்கான கருவி கிரிஸ்பர்-காஸ்9. அதை உருவாக்கிய எமானுவேல் சார்பென்டியே, ஜெனிஃபர் டௌட்னா இருவருக்கும் 2020-ல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

2025 மே 4 அன்று மத்திய வேளாண் அமைச்சர் சிவராஜ் சிங் சௌகான் இப்படித் திருத்திய இரண்டு நெல் ரகங்களை அறிவித்தார். ஒன்று, ஐதராபாத் இந்திய நெல் ஆராய்ச்சி நிறுவனத்தின் 'கமலா' என்கிற டி.ஆர்.ஆர். தான் 100. இதன் மூல ரகம் நாம 'பி.பி.டி.'ன்னு சொல்ற சம்பா மசூரி. இன்னொன்று, டெல்லி இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தின் பூசா டி.எஸ்.டி. ரைஸ் 1. இதன் மூல ரகம் எம்.டி.யு. 1010.

கமலாவில் என்ன நடந்தது என்று பார்ப்போம். கதிரில் மணி கூடுவதற்குச் சைட்டோகைனின் என்ற வளர்ச்சி ஊக்கி வேண்டும். அதைச் சிதைக்கிற ஒரு நொதியும் நெல்லிலேயே இருக்கிறது. அந்த நொதியை உண்டாக்கும் மரபணுவைத்தான் வேலை செய்யாமல் அடைத்தார்கள். ஊக்கி சிதையாமல் தங்குகிறது, கதிரில் மணி கூடுகிறது. சம்பா மசூரியைவிட 19 சதவீதம் கூடுதல் விளைச்சல், 20 நாள் முந்திய அறுவடை என்கிறது அறிவிப்பு. சம்பா பட்டத்தில் 20 நாள் குறைந்தால் ஏரித்தண்ணி எவ்வளவு மிச்சம் என்று நம்ம ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பூசா ரகத்தில் அடைத்தது டி.எஸ்.டி. என்ற மரபணுவை. இதனால் இலைத்துளைகள் குறையும், வறட்சியையும் உப்பையும் பயிர் தாங்கும் என்கிறார்கள். சோதனை முடிவுகளை ஊதிப் பெரிதாக்கிக் காட்டியிருக்கிறார்கள் என்று மரபணு மாற்றமில்லா இந்தியாவுக்கான கூட்டமைப்பு பின்னர் குற்றம் சாட்டியது. இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம் அதை மறுத்தது.

"இயற்கையிலும் இப்படி மாற்றம் நடக்கிறதே" என்பது விஞ்ஞானிகளின் வாதம். அதில் உண்மை இருக்கிறது. கோயம்புத்தூரில் 1921-ல் வெளியான ஜி.இ.பி. 24, கோணமணி என்ற நெல்லில் தானாக நேர்ந்த மாற்றத்திலிருந்து தேர்ந்தெடுத்ததுதான். அந்த ஜி.இ.பி. 24 சம்பா மசூரிக்கு ஒரு மூதாதை. ஆக, கமலாவின் உடம்பிலும் கோணமணியின் வழி ஓடுகிறது. ஆனால் கோணமணி மாறியபோது யாரும் அதற்குள் கத்தி வைக்கவில்லை. இங்கே வெட்டும் கருவியின் மரபணுவை முதலில் பயிருக்குள் செலுத்துகிறார்கள். வெட்டு முடிந்த பிறகு, அந்தக் கருவி இல்லாத செடிகளை அடுத்தடுத்த தலைமுறையில் பொறுக்கி எடுக்கிறார்கள். குறி தவறி வேறு இடத்தில் வெட்டு விழவும் வாய்ப்புண்டு. அதைச் சோதித்துப் பார்க்கத்தான் வேண்டும்.

என்னைக் கேட்டால், வெட்டைவிடப் பெரிய சங்கதி சட்டத்தில் இருக்கிறது. 2022 மார்ச் 30 அன்று மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் ஓர் ஆணை போட்டது. அயல் மரபணு தங்காத திருத்தப் பயிர்களுக்கு, 1989 விதிகளின் முக்கியப் பிரிவுகளிலிருந்து அதில் விலக்கு கொடுத்தார்கள். பி.டி. கத்தரி விஷயத்தில் ஊர் ஊராகக் கருத்துக் கேட்டு, 2010 பிப்ரவரியில் நிறுத்தி வைத்தார்களே, அந்த வாசல் இந்த நெல்லுக்கு இல்லை. இன்னார் திருத்திய விதை என்று பையில் அச்சடிக்கவில்லை என்றால், பார்த்துக் கண்டுபிடிக்க நமக்கு வழியே கிடையாது. அங்கக வேளாண்மையில் மரபணு மாற்றிய விதைக்கு இடமில்லை. மரபணு திருத்தமும் அதே கணக்குத்தான் என்பது உலக அங்கக வேளாண் இயக்கங்களின் கூட்டமைப்பான ஐஃபோமின் நிலைப்பாடு.

அடுத்தது சொந்தம் யாருக்கு என்ற கேள்வி. 2001-ம் ஆண்டுப் பயிர் ரகப் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டம், விதையைச் சேமிக்க, விதைக்க, பரிமாற, வணிக முத்திரை இல்லாமல் விற்க நமக்கு உரிமை தருகிறது. ஆனால் கிரிஸ்பர் கருவியின் முக்கியக் காப்புரிமைகள் அமெரிக்காவின் பிராட் இன்ஸ்டிடியூட், கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் போன்றவற்றிடம் இருக்கின்றன. காஞ்சிப் பட்டின் புவிசார் குறியீடு இந்த மண்ணுக்கு உரியது. கமலாவின் உரிமக் கணக்கு எங்கே போய் முடியும்? விதை கைக்கு வருமுன்னே அரசு இதை எழுத்தில் சொல்ல வேண்டும்.

உப்புக்கும் ஒரு வார்த்தை. பாலாற்றில் மேலே வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை பக்கம் நிலம் உவரானது தோல் தொழிற்சாலைக் கழிவால். அதை நெல்லின் மரபணுவில் தேடினால் கிடைக்குமா? உவரைத் தாங்க களர்ப்பாலை, குழியடிச்சான் என்று நம்ம நெல்லே இருக்கு.

இனி வயல் வேலை. நெல் பெரும்பாலும் தன் மகரந்தச் சேர்க்கைப் பயிர். காற்றில் கலப்பது மிகக் குறைவு. விதைச் சான்று விதியே நெல்லுக்கு 3 மீட்டர் இடைவெளிதான் கேட்கிறது. கலப்பு நடப்பது களத்திலும் சாக்கிலும் வாடகை அறுவடை இயந்திரத்திலும்தான். பி.பி.டி. பயிரிடுகிறவர்கள் மூல விதை எங்கே வாங்கினோம், எந்தத் தேதி என்று எழுதி, பையின் சீட்டையும் பத்திரப்படுத்துங்கள். வயலின் நடுவில் விதைக்கென்று ஒரு பாத்தி ஒதுக்குங்கள். பூக்கும் சமயம் ஒரு தடவை, கதிர் முற்றும்போது ஒரு தடவை இறங்கிக் கலவன் பிடுங்குங்கள். அந்தப் பாத்தியை மட்டும் ஆள் வைத்துக் கையால் அறுத்து, தனியாக அடித்து, புதுச் சாக்கில் கட்டுங்கள். இயந்திரம் அறுத்த நெல் சாப்பாட்டுக்கு இருக்கட்டும், விதைக்கு வேண்டாம்.