மூன்று முறை குலுங்கிய பந்து

கடந்த ஆண்டு ஒன்பதாம் வகுப்பில் நிகழ்தகவுப் பாடம் தொடங்குவதற்கு முந்தைய வாரம், என் மாணவன் ஒருவனின் அம்மா பள்ளிக்கு வந்தார். அவருடைய கைபேசிக் கணக்கிலிருந்து 1,200 ரூபாய் போயிருந்தது. ஏதோ ஒரு விளையாட்டில் ‘பெட்டி’ திறப்பதற்காக, 60 ரூபாய் வீதம் இருபது முறை பையன் கட்டியிருக்கிறான். பெட்டிக்குள் அவன் எதிர்பார்த்த வீரன் வரவில்லை. “சிலிண்டருக்கு வச்சிருந்த காசு டீச்சர்” என்று மட்டும் சொன்னார்.

அவனைத் தனியாக அழைத்துக் கேட்டேன். தலையைக் குனிந்தபடியே சொன்னான்: “பத்தொன்பது தடவ வரல டீச்சர். இனிமே வந்துதான ஆகணும்னு நெனச்சேன்.”

திட்டுவதற்காகத்தான் அழைத்திருந்தேன். ஆனால் அவன் சொன்ன பதில் ஒழுக்கக் கேடாக எனக்குப் படவில்லை, கணக்குப் பிழையாகப் பட்டது. அதுவும் நான் அடுத்த வாரம் நடத்தப்போகும் பாடத்தில் உள்ள பிழை. இத்தனை ஆண்டுகளாக நாணயம், பகடை, சீட்டுக்கட்டு என்று சொல்லிக்கொடுத்து மதிப்பெண் வாங்க வைத்திருக்கிறேன். என்னிடம் படித்த எத்தனை பேர் இதே பிழையோடு வெளியே போயிருப்பார்கள் என்று அன்று இரவு யோசித்தேன்.

அவனுடைய பெட்டியை வகுப்புக்குக் கொண்டுவர முடியாது. ஊரே அவனைப் பார்த்துச் சிரிக்கும். வேறு ஏதாவது வேண்டும் என்று தேடியபோது கிடைத்ததுதான் போகிமான். கார்ட்டூன் பார்த்ததால் எல்லாப் பிள்ளைகளுக்கும் பிகாச்சுவைத் தெரிந்திருந்தது. நான்கைந்து பேர் அண்ணன்மார் கைபேசியில் பழைய போகிமான் விளையாட்டுகளையும் ஆடியிருந்தார்கள். எனக்குத்தான் ஒன்றும் தெரியாது. கல்லூரியில் படிக்கும் என் அண்ணன் மகனோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் உட்கார்ந்து கற்றுக்கொண்டேன்.

இந்த விளையாட்டின் முதல் பதிப்புகள் 1996 பிப்ரவரியில் ஜப்பானில் கேம்பாய் என்னும் கையடக்கக் கருவிக்காக வெளிவந்தன. உருவாக்கியவர் சதோஷி தாஜிரி. டோக்கியோவின் புறநகரான மச்சிடாவில் வளர்ந்தவர், சிறுவயதில் பூச்சி பிடிப்பதில் பைத்தியமாக இருந்தவர். குளமும் தோப்பும் கட்டடங்களாக மாறிய பிறகு, தனக்குக் கிடைத்த அந்த இன்பம் நகரத்துப் பிள்ளைகளுக்கும் கிடைக்கட்டும் என்ற நினைப்பு இந்த விளையாட்டுக்குள் இருக்கிறது. தும்பியின் வாலில் நூல் கட்டிய தலைமுறையைச் சேர்ந்தவள் நான். இந்த இடம் எனக்கு உடனே புரிந்துவிட்டது.

பிடிக்கும் முறை இதுதான். புல்வெளியில் நடக்கும்போது ஒரு காட்டுயிர் எதிர்ப்படும். நம்மிடம் இருக்கும் உயிரை அதனோடு மோதவிட்டு அதன் வலுவைக் குறைக்க வேண்டும். வலுவை ‘எச்.பி.’ என்ற எண்ணாகக் காட்டுவார்கள். அது சுழியானால் உயிர் மயங்கிவிடும், பிறகு பிடிக்க முடியாது. சுழியாவதற்கு முன் பந்தை வீச வேண்டும். பந்து உயிரை உள்ளே இழுத்துக்கொண்டு தரையில் விழுந்து குலுங்கும். மூன்று முறை குலுங்கி ‘க்ளிக்’ என்று மூடினால் பிடிபட்டது. நடுவில் திறந்துகொண்டால் தப்பித்தது.

இதைச் சொல்லி முடிப்பதற்குள் கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல்: “பந்து குலுங்குறப்ப பட்டன அழுத்திப் பிடிச்சுக்கிட்டே இருக்கணும் டீச்சர். அப்பதான் தப்பிக்காது.” இன்னொருவன், “இல்ல டீச்சர், ஒவ்வொரு குலுக்கலுக்கும் ஒரு தடவ தட்டணும்” என்றான். இருவரும் சண்டைக்கே போய்விட்டார்கள். அண்ணன் மகன் இதை ஏற்கெனவே சொல்லியிருந்தான். உலகம் முழுவதும் இந்த விளையாட்டை ஆடிய பிள்ளைகளிடம் இந்த நம்பிக்கை இருந்திருக்கிறது. நாட்டுக்கு நாடு, தெருவுக்குத் தெரு பட்டன்தான் மாறும். உண்மையில் எந்தப் பட்டனை அழுத்தினாலும் ஒன்றும் ஆகாது. பந்தை வீசிய பிறகு நம் விரலைக் கருவி கவனிப்பதே இல்லை.

அதை நான் அப்போது சொல்லவில்லை. “சோதித்துப் பார்ப்போம்” என்றேன்.

முதலில் விதியைக் கரும்பலகையில் எழுதினேன். 2002இல் வெளிவந்த ரூபி, சஃபையர் பதிப்புகளில் வந்த விதி இது. முதல் பதிப்புகளின் கணக்கு வேறு. ஒவ்வொரு உயிருக்கும் ‘பிடி எண்’ ஒன்று உண்டு. கேட்டர்பீ என்ற பச்சைப் புழுவுக்கு 255, பிகாச்சுவுக்கு 190, மியூடூ என்ற அரிய உயிருக்கு வெறும் 3. முழு எச்.பி.யை ‘மு’ என்றும் இப்போது மிச்சமிருக்கும் எச்.பி.யை ‘இ’ என்றும் வைத்துக்கொண்டால்,

(3மு − 2இ) ÷ 3மு

என்ற பின்னத்தைப் பிடி எண்ணால் பெருக்க வேண்டும். நல்ல பந்தாக இருந்தால் 1.5 அல்லது 2ஆலும், உயிர் தூங்கிக்கொண்டிருந்தால் மேலும் 2ஆலும் பெருக்க வேண்டும். வரும் எண்ணை 255ஆல் வகுத்தால் அதுதான் ஏறக்குறையப் பிடிபடும் நிகழ்தகவு. 255ஐத் தாண்டினால் நிச்சயம் பிடிபடும்.

கேட்டர்பீயின் பிடி எண் 255 என்பதால் சாதாரணப் பந்தில் பின்னம் மட்டுமே மிஞ்சுகிறது. இது பாடத்துக்கு மிகவும் வசதி. மு 30 என்று வைத்துப் பிரதியிடச் சொன்னேன். எச்.பி. முழுதாக இருக்கும்போது 30/90, அதாவது 1/3. பாதியாக, 15ஆக இருக்கும்போது 60/90, அதாவது 2/3. ஒன்றே ஒன்று மிச்சமிருந்தால் 88/90. இயற்கணிதப் பிரதியிடலில் வழக்கமாகத் தூங்கிவிடும் ஒருத்தி அன்று எழுந்து, “அடிக்காம வீசினா மூணுல ஒண்ணு, பாதி அடிச்சுட்டு வீசினா மூணுல ரெண்டு” என்று சொன்னாள்.

1/3 என்றால் பகடையில் 1 அல்லது 2 விழுவது. எனவே பகடைதான் பந்து. லூடோ பெட்டிகளிலிருந்து பகடைகளைச் சேகரித்தோம். 36 பிள்ளைகள். பாதிப் பேர் இடது கட்டைவிரலால் மேசையை அழுத்திக்கொண்டே உருட்ட வேண்டும், அதுதான் பட்டன். மற்றவர்கள் அழுத்தாமல் உருட்ட வேண்டும். ஆளுக்குப் பத்து வீச்சு. பிடிபட்டால் சரி, தப்பினால் தவறு என்று வரிசை மாறாமல் குறிக்க வேண்டும்.

இங்கேதான் எனக்கு வேர்த்தது. ஒவ்வொரு பக்கமும் 180 வீச்சு, 60 பிடி கிடைக்க வேண்டும். அழுத்தாதவர்களுக்கு 56. அழுத்தியவர்களுக்கு 66! கடைசி பெஞ்சு கூத்தாடியது. “சொன்னோம்ல டீச்சர்!” மணி அடித்துவிட்டது. வகுப்பை விட்டு வெளியே வரும்போது, மூடநம்பிக்கைக்கு நானே சான்றிதழ் கொடுத்துவிட்டேனோ என்றிருந்தது.

மறுநாள் அப்படியே மீண்டும் செய்தோம். அழுத்தியவர்களுக்கு 57, அழுத்தாதவர்களுக்கு 63. இரண்டு நாளையும் கூட்டினால் 360இல் 123, 360இல் 119. அமைதி. நேற்று வந்த 66 பொய்யா என்று ஒரு பெண் கேட்டாள். பொய்யில்லை, 60ஐச் சுற்றி அப்படித்தான் ஏறி இறங்கும், வீச்சுகள் கூடக்கூடத்தான் விகிதம் 1/3ஐ நெருங்கும் என்றேன். பாடநூலில் ஒரு வரியாக இருப்பதை அன்றுதான் அவர்கள் கண்ணால் பார்த்தார்கள். முதல் நாளே 60க்கு 60 வந்திருந்தால் இந்தக் கேள்வி வந்திருக்காது. இந்தச் சோதனையைச் செய்யும் ஆசிரியர்கள் முதல் நாள் முடிவு ‘தவறாக’ வந்தால் பதற வேண்டாம்.

அடுத்த வேலைக்காகத்தான் வரிசை மாறாமல் குறிக்கச் சொன்னேன். “தொடர்ந்து மூன்று முறை தப்பிய இடங்களை எல்லாம் வட்டமிடுங்கள். அதற்கு அடுத்த வீச்சு என்ன ஆனது?” எண்ணுவதற்கு முன் கைதூக்கச் சொன்னேன். மூன்று முறை தப்பியதால் அடுத்த வீச்சில் பிடிபடும் வாய்ப்பு கூடும் என்று முக்கால்வாசி வகுப்பு கைதூக்கியது. நான் தேடிய பையனும் தூக்கினான்.

எண்ணினோம். மொத்தம் 146 இடங்கள். அடுத்த வீச்சில் பிடிபட்டவை 47. வகுத்துப் பார்த்தார்கள், 0.32. மூன்றில் ஒன்றேதான். பகடைக்கு நினைவு இல்லை. மூன்று முறை தவறவிட்டது நமக்குத்தான் நினைவிருக்கிறது.

“அப்ப முயற்சி பண்ணிக்கிட்டே இருந்தா கிடைக்கும்னு சொல்றது பொய்யா டீச்சர்?” இந்தக் கேள்விக்கு அவசரப்பட்டுப் பதில் சொல்லக் கூடாது. இங்கே இரண்டு தனித்தனிக் கேள்விகள் இருக்கின்றன. பத்துப் பந்துகளை வைத்துக்கொண்டு இன்னும் ஒன்றைக்கூட வீசாமல் நிற்கிறோம். ஒன்றிலாவது பிடிபடுமா? பத்தும் தப்பும் வாய்ப்பு 2/3ஐப் பத்து முறை பெருக்கினால் வருவது, சுமார் 0.017. ஆகவே நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு வாய்ப்பு உண்டு. ஆனால் ஒன்பது பந்து தப்பிய பிறகு, கையில் மிஞ்சிய ஒற்றைப் பந்தோடு நிற்பவனுக்கு? அதே 1/3. முன்னதற்கான விடையைப் பின்னதற்குப் போடுவதுதான் பிழை. இதை விளக்க எனக்கு ஒரு பாடவேளை முழுவதும் ஆனது.

மியூடூவை எடுத்துக்கொண்டால் இது இன்னும் தெளிவாகும். முழு எச்.பி.யில் சாதாரணப் பந்தை வீசினால் வாய்ப்பு 1/255. அப்படியானால் 255 பந்து வீசினால் கட்டாயம் கிடைக்குமா? எல்லாரும் ஆமாம் என்றார்கள். கணக்குப் போட்டால், 255 பந்துக்குப் பிறகும் கிடைக்காமல் நிற்கும் வாய்ப்பு சுமார் 37 விழுக்காடு. மூன்றில் ஒருவருக்கு மேல் வெறுங்கையோடு நிற்பார்கள். அதே மியூடூவை எச்.பி. ஏறத்தாழச் சுழியாகும் வரை தளரவைத்து, தூங்கவைத்து, 2ஆல் பெருக்கும் பந்தை வீசினால் வாய்ப்பு 12/255. ஏறக்குறைய 21இல் ஒன்று. பட்டன் செய்யாததை விதியை அறிந்து விளையாடுவது செய்கிறது.

குலுங்கலைப் பற்றியும் சொல்ல வேண்டும். கருவி ஒரே சோதனையில் முடிவெடுப்பதில்லை. ஒவ்வொரு வீச்சுக்கும் நான்கு சோதனைகள் வைக்கிறது. நான்கிலும் தேறினால்தான் பிடிபடும். கேட்டர்பீக்கு 1/3 என்றால் ஒவ்வொரு சோதனைக்கும் அதன் நான்காம் படிமூலம். கால்குலேட்டரில் வர்க்கமூலப் பொத்தானை இரண்டு முறை தட்டினால் 0.76 வரும். மூன்றில் தேறி நான்காவதில் தவறினால் பந்து மூன்று முறை குலுங்கிவிட்டுத் திறந்துகொள்ளும். நெஞ்சு அடித்துக்கொள்ளும் இடம் அதுதான். 0.76 × 0.76 × 0.76 × 0.24 போட்டுப் பாருங்கள், பத்து வீச்சில் ஒன்று இப்படித்தான் முடியும். ‘கிட்டத்தட்டப் பிடித்துவிட்டேன்’ என்று நாம் நினைக்கும் அந்த வீச்சுக்கும், ஒருமுறைகூடக் குலுங்காமல் திறந்துகொண்ட வீச்சுக்கும், அடுத்த பந்தைப் பொறுத்தவரை எந்த வேறுபாடும் இல்லை. நான்காம் படிமூலம் ஒன்பதாம் வகுப்புக்குச் சற்றுக் கூடுதல்தான். வேண்டாதவர்கள் விட்டுவிடலாம். என் வகுப்பில் இதைத்தான் அதிகம் ரசித்தார்கள்.

நான் சொல்லும் பழைய போகிமான் விளையாட்டுகளில் பந்து வாங்குவது விளையாட்டுக்குள் சம்பாதித்த காசில். தப்பினால் போவது நேரம் மட்டும். கைபேசி விளையாட்டுகளில் பெட்டி திறப்பது உண்மையான பணத்தில். காசு போட்டுத் திருகினால் ஏதோ ஒரு பொம்மை விழும் இயந்திரத்தின் பெயரால் ஜப்பானில் இதைக் ‘காச்சா’ என்பார்கள். சீட்டிழுத்துக் கிடைப்பவற்றை ஒரு தொகுதியாகச் சேர்த்து முடித்தால்தான் பரிசு என்ற ஒருவகைக் காச்சாவை 2012இல் அந்நாட்டு நுகர்வோர் நல முகமை சட்டத்துக்குப் புறம்பானது என்று அறிவித்தது. இத்தகைய விளையாட்டுகள் வாய்ப்பு விகிதத்தை வெளியிட வேண்டும் என்ற விதி சீனாவில் 2017இல் நடைமுறைக்கு வந்தது. அதே ஆண்டு டிசம்பரில் ஆப்பிள் நிறுவனமும் தன் செயலிக் கடைக்கு அந்த விதியைக் கொண்டுவந்தது. சில விளையாட்டுகள், இத்தனை முறை வராவிட்டால் கட்டாயம் தருவோம் என்று தாங்களே எண்ணி வைப்பதும் உண்டு. அங்கே வீச்சுகள் ஒன்றையொன்று சாராதவை என்று சொல்ல முடியாது. எனவே விதியைப் படிக்காமல் கணக்கில் இறங்கக் கூடாது. இவ்வளவையும் வகுப்பில் பொதுவாகத்தான் சொன்னேன். அவன் பக்கம் பார்க்கவே இல்லை.

ஒரு வாரம் கழித்து, மதிய இடைவேளையில் அவன் ஒரு துண்டுச் சீட்டோடு வந்தான். அந்த விளையாட்டுக்குள் எங்கோ அடியில், ஆங்கிலத்தில், பொடி எழுத்தில் இருந்ததாம். கட்டாயம் தருவோம் என்ற பேச்சே அதில் இல்லை. அவன் எதிர்பார்த்த வீரனுக்கு 0.5 விழுக்காடு. இருநூறில் ஒன்று. 199/200ஐ இருபது முறை பெருக்கியிருந்தான். 0.905. “இருபது தடவைக்கும் சேர்த்து நூத்துக்குப் பத்துகூட இல்ல டீச்சர்” என்றான்.

பாதி வாய்ப்பு வர எத்தனை முறை திறக்க வேண்டும் என்று கேட்டேன். கால்குலேட்டரை வாங்கிக்கொண்டு வராந்தாவில் உட்கார்ந்தான். இரண்டு நண்பர்களும் சேர்ந்துகொண்டார்கள், எதற்கென்று அவர்களுக்குத் தெரியாது. ஒருவன் எண்ண, ஒருவன் தட்ட, 139ஆவது பெருக்கலில் 0.5க்குக் கீழே இறங்கியது. அவன் 139ஐ 60ஆல் பெருக்கினான். 8,340.

“இவ்ளோ கட்டினதுக்கு அப்புறமும் பாதிப் பேருக்குக் கிடைக்காதா டீச்சர்?” என்று கேட்டான்.

“ஆமாம்” என்றேன்.

சீட்டை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். அம்மாவிடம் காட்ட வேண்டுமாம்.