பின் அச்சைப் பிடித்திருக்கும் புயங்களும் மூட்டுகளும்

க.பொ.த. (சா/த) – இயந்திரத் தொழினுட்பம்
அலகு: மோட்டார் வாகனங்களின் தொங்கல் தொகுதி

தொங்கல் தொகுதி பற்றிய வினாவுக்கு "வீதியின் அதிர்வு பயணிகளைத் தாக்காது தடுப்பதே இதன் தொழில்" என்று மட்டும் எழுதிவிட்டு அடுத்த வினாவுக்குச் செல்லும் மாணவர் பலர். அது பாதி விடையே. சில்லுகளையும் அச்சையும் இருக்க வேண்டிய இடத்தில் பிடித்து வைத்திருப்பதும் தொங்கல் தொகுதியின் தொழிலாகும். கல்லும் சேறும் நிறைந்த தடங்களில் ஓடும் நாற்சில்லு உந்தல் வாகனத்தில் இந்த இரண்டாவது தொழில் பிழைத்தால் வாகனம் சாரதியின் கைக்கு அடங்காது. எனவே இங்கு அதனையே விரிவாகப் பார்ப்போம்.

வில் மாறியதும் எழுந்த தேவை

பழைய லான்ட் ரோவர் வாகனங்களில் இலைவில் இருந்தது. இலைவில் பாரத்தையும் தாங்கும், அச்சையும் பிடித்திருக்கும். சுருள்வில் அப்படியன்று. அது பாரத்தைத் தாங்குமே தவிர, அச்சு முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் நகர்வதைத் தடுக்காது. 1970 இல் வெளிவந்த ரேஞ்ச் ரோவரிலும், 1983 இல் வந்த லான்ட் ரோவர் ஒன் டென் வாகனத்திலும் சுருள்வில் பயன்பட்டதால் அச்சைப் பிடிக்கத் தனியான புயங்கள் தேவைப்பட்டன. ஒன் டென் வகையே 1990 முதல் டிபென்டர் என்ற பெயரைப் பெற்று 2016 ஜனவரி வரை உற்பத்தியானது. நமது வீதிகளிலும் இதனைக் காணலாம். வாய்ப்புக் கிடைத்தால், நிறுத்தி வைத்த வாகனமொன்றின் பின்புறம் குனிந்து பாருங்கள். படத்தில் பார்ப்பதைவிட நன்றாக விளங்கும்.

வெளியில் உள்ள ஒரு பொருளுக்கு ஆறு வகை அசைவுகள் உண்டு. முன்–பின், இடம்–வலம், மேல்–கீழ் என மூன்று நகர்வுகள். இம்மூன்று திசைகளையும் அச்சாகக் கொண்ட மூன்று சுழற்சிகள். பின் அச்சுக்கு நாம் அனுமதிக்க விரும்புவன இரண்டே: மேலும் கீழும் அசைதல், ஒரு சில்லு உயர மற்றது தாழும் வகையில் சரிதல். மற்றைய நான்கையும் தடுக்க வேண்டும். இரு முனைகளிலும் பந்து மூட்டுள்ள ஒரு புயம் ஓர் அசைவைத் தடுக்கும். ஆகவே சரியாக அமைக்கப்பட்ட நான்கு புயங்கள் போதும்.

டிபென்டரின் பின்புறத்தில் கீழே இரண்டு நீளப் புயங்கள் உள்ளன. மேலே முக்கோணி வடிவில் ஒரு சட்டம். அதன் அகன்ற பக்கம் வாகனத்தின் அடிச்சட்டத்தில் புஷ்களாலும், கூரான முனை அச்சின் மேல் ஒரு பந்து மூட்டாலும் பொருத்தப்பட்டுள்ளது. கீழ்ப் புயங்கள் இரண்டு அசைவுகளையும், முக்கோணிச் சட்டம் பக்கவாட்டு நகர்வு உட்பட வேறு இரண்டையும் தடுக்கின்றன. கணக்கு நேராகிறது.

1997 மாதிரி ஆண்டில் வந்த ஜீப் ரங்கிளரில் அமைப்பு வேறு. அதில் மேலே இரண்டு, கீழே இரண்டு புயங்களோடு, பக்கவாட்டு நகர்வைத் தடுக்க ஐந்தாவதாக ஒரு குறுக்குத் தண்டும் உண்டு. இது பன்ஹார்ட் தண்டு எனப்படும். நான்கு போதுமென்ற இடத்தில் ஐந்து இருந்தால் அச்சு சரியும்போது புயங்கள் ஒன்றோடொன்று இழுபடும் அல்லவா? உண்மையில் இழுபடும். மூட்டுகளிலுள்ள இறப்பர் சற்று நசிந்து கொடுப்பதனாலேயே இவ்வமைப்பு தடையின்றி இயங்குகிறது. மூட்டைத் தெரிவு செய்யும்போது இது நினைவில் இருக்கட்டும்.

புயத்தில் தாக்கும் விசை

உதாரணம்: பின் சில்லுகள் இரண்டும் சேர்ந்து நிலத்திலிருந்து பெறும் முன்னோக்கிய விசை 6000 நியூற்றன். கீழ்ப் புயங்கள் நிலத்திலிருந்து 0.3 மீற்றர் உயரத்திலும், மேற்புயங்கள் 0.5 மீற்றர் உயரத்திலும் அச்சுடன் இணைகின்றன. புயங்கள் யாவும் கிடையாக உள்ளன. வாகனம் சீரான வேகத்தில் ஏறுகிறது எனக் கொள்க.

மேற்புயங்களின் மட்டத்தைப் பற்றித் திருப்பம் எடுத்தால்,

கீழ்ப் புயங்களின் மொத்த விசை × 0.2 = 6000 × 0.5
கீழ்ப் புயங்களின் மொத்த விசை = 15 000 நியூற்றன்
மேற்புயங்களின் மொத்த விசை = 15 000 – 6000 = 9000 நியூற்றன்

கீழ்ப் புயங்கள் நெருக்கலுக்கும், மேற்புயங்கள் இழுவைக்கும் உட்படுகின்றன. பிறேக் பிடிக்கும்போது நிலத்தின் விசை பின்னோக்கித் திரும்புவதால் இவை இடம் மாறும். நிலத்தில் 6000 நியூற்றன் மாத்திரமே இருக்க, புயத்தில் அதைவிட இரண்டரை மடங்கு தோன்றுவதைக் கவனிக்க. மேல், கீழ்ப் புயங்களுக்கிடையேயான நிலைக்குத்துத் தூரம் குறையக் குறைய இந்த விசை பெருகும். இதனாலேயே, அச்சில் இந்த இடைத்தூரம் ரயரின் விட்டத்தில் காற்பங்கு அளவாவது இருக்க வேண்டும் என்பது வாகனம் அமைப்போர் கைக்கொள்ளும் ஒரு பொது விதி. 0.8 மீற்றர் விட்டமுள்ள ரயருக்கு இது 0.2 மீற்றராகும்.

கீழ்ப் புயம் தடிப்பாக இருப்பதற்கு இது ஒரு காரணம். மற்றக் காரணம் கல். வாகனத்தின் பாரம் முழுவதும் ஒரு கணம் கீழ்ப் புயத்தின் நடுவில் வந்து அமரக்கூடும். அப்போது புயம் வளைக்கப்படுகிறது. வளைந்த புயம் அடுத்த நெருக்கலில் இன்னும் எளிதாக வளையும்.

திண்மக் கோலா, குழாயா என்ற வினாவுக்கும் விடை இங்கேயே உண்டு. 30 மி.மீ. விட்டமுள்ள திண்ம உருக்குக் கோலையும், 50 மி.மீ. வெளிவிட்டமும் 40 மி.மீ. உள்விட்டமும் உள்ள உருக்குக் குழாயையும் எடுங்கள். 30² = 900; 50² – 40² = 900. குறுக்குவெட்டுப் பரப்பு சமம், ஆகவே ஒரே நீளத்துக்குத் திணிவும் சமம். ஆனால் வளைவதை எதிர்க்கும் விறைப்பு விட்டத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. 30⁴ = 810 000; 50⁴ – 40⁴ = 3 690 000. ஒரே அளவு உருக்கில் நாலரை மடங்கு விறைப்பு! எனினும் சுவர் மிக மெல்லியதாக இருந்தால் கல் பட்ட இடத்தில் குழாய் நெளிந்துவிடும்.

நீளமும் முக்கியம். கிடையாக உள்ள 0.4 மீற்றர் புயத்தின் முனை 0.2 மீற்றர் கீழிறங்கினால், பைதகரசின் தேற்றப்படி அதன் கிடைத் தூரம் 0.346 மீற்றர். அதாவது அச்சு ஏறத்தாழ 54 மி.மீ. முன்னே இழுக்கப்படுகிறது. 0.8 மீற்றர் புயமாயின் இது 25 மி.மீ. மாத்திரமே. வாகனத்தை உயர்த்துவோர் நீண்ட புயங்களை நாடுவது இதனால்தான்.

மூட்டைத் தெரிவு செய்தல்

இறப்பர் புஷ்ஷில் இரு உருக்குக் குழல்களுக்கிடையே இறப்பர் ஒட்டப்பட்டிருக்கும். புயம் திரும்பும்போது குழல் வழுக்குவதில்லை, இறப்பரே முறுக்கப்படுகிறது. கிறீஸ் வேண்டாம், ஓசை குறைவு, அதிர்வையும் உள்வாங்கும். இதன் சுரையாணியை வாகனம் தன் சில்லுகளில் நிற்கும்போதே இறுதியாக இறுக்க வேண்டும். தூக்கி வைத்த நிலையில் இறுக்கினால், கீழே இறக்கியதும் இறப்பர் நிரந்தரமாக முறுகி நிற்கும். இதை எழுதுபவர் தமது வாகனத்திலேயே இப்பிழையை விட்டு, சில மாதங்களில் புஷ்கள் கிழிந்ததைக் கண்டவர்.

பொலியூரிதேன் புஷ் இறப்பரை விட விறைப்பானது. புயத்தைத் துல்லியமாகப் பிடிக்கும். ஆனால் உள்ளே குழல் வழுக்கிச் சுழல்வதால் கிறீஸ் காய்ந்தால் கிறீச்சிடும். பக்கவாட்டாகச் சரிய எளிதில் இடந்தராது. ஐந்து தண்டு அமைப்பில் எல்லா முனைகளிலும் இதை இடுவது, முன்னர் கூறிய இழுபறியைக் கூட்டும்.

உலோகப் பந்து முனை எல்லாத் திசையிலும் தாராளமாகத் திரும்பும். ஓட்டப் பந்தய வாகனத்துக்குச் சிறந்தது. ஆனால் அதிர்வு முழுவதும் அடிச்சட்டத்துக்குச் செல்லும். சேறும் மணலும் புகுந்தால் விரைவில் தேயும். அன்றாடம் ஓடும் வாகனத்துக்கு இதனை நான் பரிந்துரைக்கமாட்டேன். இரண்டுக்கும் நடுவானது, உருக்குப் பந்தைப் பொலியூரிதேன் கிண்ணத்தினுள் இட்டு, கிறீஸ் செலுத்தும் வழியுடன் அமைத்த மூட்டு. ஜொனி ஜொயின்ற் எனப்படுவது இவ்வகையினது. ஒரு முனையில் இதையும் மறுமுனையில் இறப்பர் புஷ்ஷையும் இடுவது பலருக்குப் பொருந்தும் தெரிவு.

தேய்வின் அறிகுறிகளையும் எழுதத் தெரிந்திருக்க வேண்டும். டிபென்டரின் மேல் பந்து மூட்டு தேய்ந்தால், எரிபொருள் மிதியை அழுத்தும்போதும் விடும்போதும் பின்புறம் "டக்" என ஒலிக்கும். ஸ்டியரிங்கைத் திருப்பாமலே வாகனத்தின் பின்பக்கம் அலைவதாகத் தோன்றும். அச்சின் மேற்பக்கத்தைப் பிடித்திருப்பது அந்த ஒரு மூட்டே என்பதால் மாற்றுவதைத் தள்ளிப்போடக்கூடாது.

பயிற்சி

1. மேற்கூறிய உதாரணத்தில் மேற்புயங்களை 0.4 மீற்றர் உயரத்துக்குத் தாழ்த்தினால் புயங்களின் விசைகள் யாவை?
விடை: கீழே 24 000 நியூற்றன், மேலே 18 000 நியூற்றன்.

2. உதாரணத்தின் அளவுகளுடனேயே, பிறேக் பிடிக்கும்போது பின் சில்லுகளில் 4000 நியூற்றன் பின்னோக்கித் தாக்குகிறது. விசைகளின் பருமனையும் வகையையும் தருக.
விடை: கீழே 10 000 நியூற்றன் இழுவை, மேலே 6000 நியூற்றன் நெருக்கல். வகையைக் குறிப்பிடாத விடை முழுமையானதன்று.

3. பன்ஹார்ட் தண்டுள்ள வாகனம் மேலும் கீழும் அசையும்போது அச்சு சிறிது பக்கவாட்டாகவும் நகர்வது ஏன்?
விடை: தண்டின் ஒரு முனை அடிச்சட்டத்தில் நிலையாக இருப்பதால், அச்சிலுள்ள மறுமுனை வட்டவில்லில் அசைகிறது.