சாண எரிவாயுக் கலனின் கழிவுக் குழம்பும் அதனை எருவாகக் காக்கும் முறையும்

சாணத்தை வரட்டியாகத் தட்டி அடுப்பிலிட்டால் நிலத்திற்கு எரு இல்லை. எருக்குழியில் சேர்த்தால் அடுப்பிற்கு எரிபொருள் இல்லை. ஒன்றை இழந்தே மற்றொன்றைப் பெறவேண்டும் என்று நெடுங்காலமாய் இருந்துவந்த இந்நிலைமையை மாற்றியது சாண எரிவாயுக் கலனாகும். ஆயினும் கலன் கட்டிய குடியானவர்கள் பலரிடத்தில், அடுப்பு எரிவதைப்பற்றித் திருப்தியும், கலனிலிருந்து வெளிவரும் குழம்பைப்பற்றி மனக்குறையும் ஒருங்கே காணப்படுகின்றன. "வாயுவை எடுத்துக்கொண்ட பின்பு சாணத்தில் சாரம் ஏது? மிஞ்சுவது சக்கைதானே" என்பது அவர்கள் கூற்று. இந்த எண்ணத்தால் குழம்பைக் கொல்லையில் தேங்கவிடுவதும், தெருச் சாக்கடையில் விழவிடுவதும், நாளடைவில் கலனுக்குச் சாணம் இடுவதையே நிறுத்திவிடுவதும் உண்டு. சாரம் போவது உண்மையே. ஆனால் அது கலனுக்குள் போவதன்று. வெளியே வந்த பிறகு, குடியானவர் கண்ணெதிரே, வெயிலிலும் மழையிலும் போகிறது.

கழிவுகளிலிருந்து எரிவாயு எடுக்கும் முயற்சி இந்நாட்டிற்குப் புதிதன்று. பம்பாய் மாதுங்காவிலிருந்த தொழுநோய் இல்லத்தில் 1897ஆம் ஆண்டிலேயே அவ்விதம் வாயு எடுக்கப்பட்டது. டில்லி வேளாண்மை ஆராய்ச்சி நிலையத்தில் எஸ். வி. தேசாய் என்பவர் 1939இல் மாட்டுச் சாணத்தைக் கொண்டு சோதனைகளைத் தொடங்கினார். 1950களில் ஜஷ்பாய் படேல் அமைத்த, மிதக்கும் இரும்பு மூடியையுடைய 'கிராமலட்சுமி' கலனைப் பின்பற்றி, 1960களில் காதி கிராமத் தொழில் ஆணைக்குழு நாடெங்கும் கலன்களைப் பரப்பிற்று. செங்கற் கவிகையுடைய 'ஜனதா' 1978இலும், அதனினும் செலவு குறைந்த 'தீனபந்து' 1984இலும் வந்தன. இத்தனை திருத்தங்களும் வாயுவையும் கட்டடச் செலவையும் நோக்கியே செய்யப்பட்டன. குழம்பு விழும் குழியோ, கட்டட வேலை முடிந்தபின் மிஞ்சிய நேரத்தில் வெட்டப்படும் பள்ளமாகவே இன்றும் பல இடங்களில் இருந்துவருகிறது.

கலனுக்குள் நடப்பது யாதெனின், காற்றுப் புகாத இடத்தில் வாழும் நுண்ணுயிர்கள் சாணத்திலுள்ள நார்ப்பொருளின் ஒரு பகுதியைச் சிதைத்து, மீத்தேன், கரியமிலவாயு என்னும் இரண்டு வாயுக்களாக மாற்றுகின்றன. இவை கரி, நீரகம், பிராணவாயு ஆகியவற்றாலானவை. பயிருக்கு வேண்டிய தழைச்சத்தோ மணிச்சத்தோ சாம்பல்சத்தோ இவ்வாயுக்களில் இல்லை. ஆதலால் அடுப்பில் எரிவது நிலத்திற்குரிய சத்தன்று. சாணத்தின் உலர்பொருளில் ஏறக்குறையக் கால்பங்கு வாயுவாகிக் கழிய, சத்துக்கள் யாவும் எஞ்சிய முக்கால்பங்கில் செறிந்து நிற்கின்றன. உலர்ந்த கணக்கில் குழம்பில் தழைச்சத்து 100க்கு 1.4 முதல் 1.8 வரை உண்டு. திறந்த குப்பைமேட்டிலிருந்து வண்டியேற்றும் தொழுவெருவில் 0.5 முதல் 1 வரைதான் காணப்படும். அந்தத் தொழுவெருவிலும் பாதி மண்ணாயிருப்பதைக் குடியானவர் அறிவர்.

நான்கைந்து மாடுகளை உடையவர் 2 கனமீட்டர் கலன் வைத்திருப்பதாகக் கொள்வோம். நாள்தோறும் 50 கிலோ சாணத்தை அதே அளவு நீரில் கரைத்து விட, ஏறக்குறைய அதே அளவு குழம்பு வெளியே வரும். அதில் 100க்கு 93 பங்கு நீர். உலர்பொருள் நாளொன்றுக்கு 7 கிலோ, ஆண்டொன்றுக்கு 2.5 டன். அதிலுள்ள தழைச்சத்து சுமார் 38 கிலோ. 45 கிலோ மூட்டை யூரியா இரண்டிலுள்ளதற்குச் சற்றே குறைவு. ஆனால் யூரியாவைப்போல் முழுவதும் உடனே பயிருக்குக் கிடைத்துவிடும் என்று எண்ணலாகாது. சுமார் ஐந்தில் ஒரு பங்கே அமோனியா வடிவில் விரைந்து பயன்படும். மற்றது மண்ணில் மெல்லச் சிதைந்து, அடுத்துவரும் போகங்களுக்கும் உதவும்.

விரைந்து பயன்படும் அப்பகுதியே விரைந்து அழிவதும் ஆகும். குழம்பை அகன்ற ஆழமில்லாத குழியில் பரப்பி வெயிலில் காயவைப்பது பெருவழக்காய் இருக்கிறது. தூக்கிச் செல்ல எளிது என்பதே காரணம். நீர் ஆவியாகும்போது அமோனியாவும் உடன் பறந்துவிடுகிறது. எஞ்சுவதும் கட்டியாக இறுகி, வயலில் இட்டால் எளிதில் உடையாமல் கிடக்கிறது. மழைக்காலத்தில் வேறுவித நஷ்டம்: குழி நிரம்பி வழிந்து சத்து முழுவதும் குளத்தைச் சேர்ந்து, குடிநீரையும் கெடுக்கிறது.

நஷ்டமின்றிப் பயன்படுத்த மிகச் சிறந்த வழி, குழம்பை ஈரமாகவே பாசனநீருடன் பாய்ச்சுவதாகும். இதற்குக் கலனை அமைக்கும்போதே, வெளிவாய் தோட்டத்தைவிட மேட்டிலிருக்கும்படி இடந்தேர்தல் வேண்டும். கட்டியபின் வருந்திப் பயனில்லை. ஓரிரு நாள் குழம்பு தங்கத்தக்க தொட்டி ஒன்றை நிழலில், மூடியுடன் கட்டி, பாய்ச்சலன்று அதை நன்கு கலக்கி வாய்க்காலின் தலைப்பில் சிறுகச்சிறுக விடலாம். கலக்காமல் விட்டால் கனமான வண்டல் முதற் பாத்தியிலேயே தங்கிவிடும்; கடைப் பாத்திக்கு வெறும் நீரே போய்ச்சேரும். வாழை, தென்னை, கரும்பு, தீவனப்புல் ஆகியவற்றுக்கு இம்முறை மிகவும் ஏற்றது. இளநாற்றுக்குக் குழம்பைக் கெட்டியாக ஊற்றலாகாது. இரண்டு பங்கு நீர் சேர்த்து, இலையில் படாமல் விடவேண்டும். நெல்வயலுக்குக் கடைசிச் சேற்றுழவிற்கு முன் விட்டு, அன்றைக்கே உழுது மண்ணுள் மறைப்பது நலம்.

வயல் தொலைவில் இருப்பவர் 93 பங்கு நீரை வண்டியில் சுமப்பது வீண் செலவாகும். அவர்களுக்கு வடிபாத்தி உதவும். வெளிவாயினின்று சாய்வாக ஒரு செங்கற் கால்வாய் அமைத்து, அதன் கடைப்பகுதியில் சருகும் தழையும் அரையடி கனத்திற்கு நிரப்பினால், கெட்டிப்பொருள் மேலே தங்கி நீர் அடியில் வடியும். அந்த நீரை மறுநாட் சாணத்தைக் கரைக்கவே பயன்படுத்தலாம். கிணற்று நீருக்குப் பஞ்சமுள்ள ஊர்களில் இது சிறு லாபமன்று. ஆனால் முழுவதும் அதனையே ஊற்றிவந்தால் அமோனியாவும் உப்பும் மிகுந்து வாயு குறையுமாதலால், பாதிக்கு மேற்படாமல் சேர்த்து, மிச்சத்தை அருகிலுள்ள மரங்களின் பாத்திக்கு விடவேண்டும்.

வடிபாத்தியில் தங்கியதையும், வடிக்காத குழம்பையும் கம்போஸ்டு குழியிற் சேர்ப்பதே பெரும்பாலோர்க்கு இயன்ற முறை. நீளம் 2 மீட்டர், அகலம் 1.5 மீட்டர், ஆழம் 1 மீட்டர் உள்ள குழி மூன்று வேண்டும். ஒன்று நிரம்புகையில் ஒன்று மக்கிக்கொண்டும் ஒன்று காலியாகிக்கொண்டும் இருக்கும். அடியைக் களிமண்ணிட்டுத் திமிசு போட்டு இறுக்கி, மழைநீர் புகாதபடி சுற்றிலும் கரை எழுப்பி, மேலே கீற்றுப் பந்தல் இடல்வேண்டும். கரும்புச் சோகை, தொழுவத்தில் கழித்த வைக்கோல், வாழைச் சருகு, கூளம் எதுவாயினும் அரையடி பரப்பி, அது நனையுமளவு குழம்பு ஊற்றி, மறுபடி கூளம் பரப்பிக்கொண்டே வரலாம். உலர்ந்த கூளம் தன் எடையைப்போல் இரு மடங்குக்குக் குறையாமல் ஈரத்தை உறிஞ்சும். குழம்பிலுள்ள அமோனியாவைக் கூளத்தை மக்கச்செய்யும் நுண்ணுயிர்கள் தம் உடலில் ஏற்றுக் காப்பதே இம்முறையின் பெரும்பயன். குழி நிரம்பியதும் மேலே மண் மெழுகிவிட்டால் மூன்று, நான்கு மாதங்களில் பொலபொலவென்று உதிரும் எரு கிடைக்கும். கூளமேயில்லாமல் குழம்பை மட்டும் குழியில் தேக்குவது கம்போஸ்டு ஆகாது.

பாசன நிலத்திற்கு ஏக்கருக்கு 4 டன், மானாவாரிக்கு 2 டன் என்பது உலர்ந்த எருவின் பொதுவான அளவு. மேற்கூறிய கலனில் ஆண்டிற்குக் கிடைப்பது 2.5 டன் ஆதலால், கூளத்தின் எடையைச் சேர்க்காமற் பார்த்தால் அது பாசன நிலத்தில் 60 சென்டுக்கே போதும். அதை ஐந்து ஏக்கரில் தூவிவிட்டுப் பலன் காணவில்லை என்று குறைகூறுதல் தகாது. ஆண்டுதோறும் ஒரு துண்டு நிலம் என்று முறைவைத்து இடுவதே உசிதம். ஐயமுள்ளவர் ஒரே வயலில் ஒப்பான இரு பாத்திகளைப் பிரித்து, ஒன்றிற்குத் தொழுவெருவும் மற்றதற்குக் கலன் எருவும் சம அளவில் இட்டு, அறுவடையில் தனித்தனியே நிறுத்துப் பார்க்கலாம்.

நன்றாகச் செரித்த குழம்பில் துர்நாற்றமும் ஈயும் இரா. களைவிதைகளும் பெரும்பாலும் முளைப்புத் திறனை இழந்திருக்கும். நாற்றமும் நுரையும் ஈ மொய்ப்பும் காணப்பட்டால், கலனின் அளவுக்கு மிஞ்சிச் சாணம் இடப்படுகிறது என்று அறியலாம். வெப்பமான சமவெளியில் சாணம் 30 முதல் 40 நாளும், குளிர்ந்த மலைப்பாங்கில் 55 நாள் வரையும் உள்ளே தங்கவேண்டும். கக்கூஸைக் கலனுடன் இணைத்துள்ள வீட்டார் தனி ஜாக்கிரதை கொள்ளவேண்டும். உருண்டைப்புழுவின் முட்டைகள் கலனின் சாதாரண வெப்பத்தில் சாவதில்லை. ஆகையால் அக்குழம்பைப் பச்சையாகத் தின்னும் காய்கறிகளுக்கு விடவே கூடாது. பல மாதம் குழியிலிட்டு மக்கச்செய்த பிறகு மரப்பயிர்களுக்கு இடலாம்.

ஊர்ப்பொதுவில் பெரிய கலன் அமைக்கும் முயற்சி, 2018இல் மத்திய அரசு தொடங்கிய கோபர்தன் திட்டத்திற்குப் பின் பல ஊராட்சிகளில் பேசப்பட்டுவருகிறது. எத்தனை வீட்டிற்கு வாயு என்பது முதற்கூட்டத்திலேயே கணக்கிடப்படும்; நாள்தோறும் டன் கணக்கில் வரும் குழம்பு யாருடைய நிலத்திற்கு, எவர் வண்டியில், என்ன விகிதத்தில் போகும் என்பதை எவரும் கேட்பதில்லை. சாணம் கொடுத்தவருக்கு அவ்வளவிற்கேற்ற எரு திரும்பவேண்டும் என்பதைக் கட்டடம் எழும்புமுன் ஊர்க் கிராம அதிகாரிகளும் ஊராட்சித் தலைவரும் கூடி எழுத்து மூலம் முடிவுசெய்தல் அவசியம். இல்லையேல் மாடுடையவர்கள் சாணத்தைத் தம் குப்பைமேட்டிற்கே கொண்டுபோவர்.

சில ஆண்டுகளுக்கொருமுறை கலனின் அடியில் மண்ணும் மணலும் கலந்த வண்டல் படியும். அதனை வாரியெடுக்க ஆளை உள்ளே இறக்குவது உயிருக்கே அபாயம். அங்கு பிராணவாயு இராது, நச்சுவாயு இருக்கும், தீப்பொறி பட்டால் வெடிக்கவும் கூடும். மேலிருந்தபடியே நீர்விட்டுக் கலக்கிப் பம்பினால் இறைப்பதே முறை. எடுத்த வண்டலை ஒரு மாதம் நிழலில் ஆறவைத்து, தென்னை நடும் குழிகளில் அடியுரமாக இடலாம்.