இறப்பேடு காட்டும் தடம்

1918ஆம் ஆண்டில் இன்ஃபுளுவென்சா என்னும் விஷக்காய்ச்சல் உலகெங்கும் பரவியபோது, அதற்குக் காரணம் ஒரு வைரஸ் என்பதை எவரும் அறியார். மனிதரைத் தாக்கும் அவ்வைரஸ் கண்டறியப்பட்டது 1933இல்தான். ஆயினும், அந்நோய் இந்தியாவுக்குள் எவ்வழியே பரவியது என்பதை இன்றைய ஆய்வாளர்கள் கூறுகின்றனர். அதற்குத் துணைநின்றவை அக்காலத்து இறப்புப் பதிவுகளே.

கொங்குநாட்டுச் சிற்றூர்களில் அப்பதிவேட்டை எழுதியவர் மணியக்காரர். அவர் மருத்துவர் அல்லர். நோயின் பெயரைப் பெரும்பாலும் 'காய்ச்சல்' என்றே குறித்தார். மலேரியாவும் அச்சொல்லுள் அடங்கும், இன்ஃபுளுவென்சாவும் அடங்கும். எனவே ஆய்வாளர்கள் நோயின் பெயரை ஒதுக்கிவிட்டு, எண்ணிக்கையையும் காலத்தையும் நோக்கினர். ஓர் ஊரில் அக்டோபர்தோறும் பத்துப் பேர் இறப்பது வழக்கம் எனக் கொள்வோம். ஓராண்டில் மட்டும் நாற்பது பேர் இறந்தால், கூடுதலான முப்பது இறப்புகளுக்குப் புதிய காரணம் ஒன்று இருத்தல் வேண்டும். இதனை 'மிகை இறப்பு' என்பர். 1847இல் லண்டனைத் தாக்கிய இன்ஃபுளுவென்சாவின் அளவை வில்லியம் ஃபார் இம்முறையிலேயே கணித்தார்.

1918 ஜூனில் பம்பாயில் தலைகாட்டிய நோய், செப்டம்பரில் கொடிய இரண்டாம் அலையாக எழுந்தது. மாவட்டவாரியான வாராந்தர இறப்புக் கணக்கைச் சித்தார்த் சந்திராவும் ஈவா காசென்ஸ் நூரும் ஆராய்ந்து 2014இல் வெளியிட்டனர். மேற்கிலிருந்து கிழக்கே செல்லச் செல்ல அலையின் கடுமை தணிந்தது என்பது அவர்தம் முடிவு. கொங்குநாட்டிலும் இத்தகைய ஆய்வுக்கு இடமுண்டு. சென்னையையும் மேற்குக் கடற்கரையையும் இணைத்த இருப்புப்பாதை ஈரோடு, போத்தனூர் வழியே சென்றது. தாராபுரத்திற்கோ ரயில் இல்லை. இவ்வூர்களின் பதிவுகளை அருகருகே வைத்தால், நோய் ரயிலேறி வந்ததா, சந்தைக்குச் சென்ற மாட்டுவண்டியோடு வந்ததா என வினவலாம்.

இங்கு ஓர் எச்சரிக்கை தேவை. தொற்றிய அன்றே எவரும் இறப்பதில்லை. கொரோனாவில் இவ்விடைவெளி ஏறத்தாழ மூன்று வாரம். முதல் இறப்பு ஏடேறும்போது நோய் ஊருக்குள் பல நாள் உலவியிருக்கும்; ஆய்வாளர் அந்நாள்களைப் பின்னோக்கி எண்ணவேண்டும்.

ஏட்டில் ஏறாத இறப்புக்கோ எந்தக் கணக்கும் உதவாது. 1918இல் பதிவு செய்வோரே நோயில் வீழ்ந்ததால் பல இறப்புகள் விடுபட்டன. இந்தியாவில் மாண்டோர் தொகையைச் சிலர் 1 கோடியே 40 லட்சம் என்றும், வேறு சிலர் 1 கோடியே 80 லட்சம் என்றும் மதிப்பிடுவதற்கு இதுவும் ஒரு காரணம். நூறாண்டு கழித்தும் இச்சிக்கல் நீங்கவில்லை. சென்னையில் கொரோனாப் பட்டியலில் இடம்பெறாதிருந்த 444 இறப்புகள், பதிவேடுகளை மீளாய்ந்த பின்னரே, 2020 ஜூலை 22 அன்று கணக்கில் சேர்க்கப்பட்டன.