வண்ணம் உலருமுன் காட்டுவோம்

பழந்தமிழ் நூல்கள் ஓவியர்களைக் 'கண்ணுள் வினைஞர்' என்று குறிக்கின்றன. பார்ப்பவர் கண்ணுக்குள் தம் தொழிலை நிலைபெறச் செய்பவர் என்பது அதன் பொருள். எத்துணை நுட்பமான பெயர்! தூரிகை பிடித்தவன் கையோடு ஓவியம் முடிந்துவிடுவதில்லை. காண்பவன் கண்ணுக்குள் சென்ற பின்னரே அது நிறைவு பெறுகிறது என்னும் உண்மை அப்பெயரிலேயே அடங்கியிருக்கிறது. அவ்வாறாயின், எழுதும்போது பிறர் கண்ணில் படாமல் மறைத்து வைத்து, எல்லாம் முடிந்த பிறகு காட்டுவது முறைதானா? எண்ணெய் வண்ணத்தில் உருவப்படம் எழுதப் பழகிவரும் மாணவன் என்ற முறையில், இவ்வினாவுக்கு நான் கண்ட விடையைத் தோழர்கள் முன் வைக்க விழைகிறேன்.

எண்ணெயின் இயல்பு

நிறப்பொடியை ஆளி விதை எண்ணெயில் குழைத்து அரைத்ததே எண்ணெய் வண்ணம். எங்கள் சிங்கம்புணரி தென்னைக்கும் கயிற்றுக்கும் பெயர்பெற்ற ஊர். "ஏன் அப்பா, தேங்காய் எண்ணெயில் குழைத்தால் ஆகாதா?" என்று ஊரில் என்னைக் கேட்டவர் பலர். ஆகாது. தேங்காய் எண்ணெய் எத்தனை நாளானாலும் காயாது. தொட்டால் கையில் ஒட்டிக்கொண்டே இருக்கும். ஆளி விதை எண்ணெயோ காற்றிலுள்ள ஆக்சிஜனை ஏற்றுச் சிறுகச் சிறுக இறுகி, உறுதியான தோலாக மாறுகிறது. தண்ணீரைப்போல ஆவியாகி உலர்வதன்று அது. தொட்டால் ஒட்டாத நிலைக்கு வரச் சில நாட்களாகும்; தடித்த பூச்சு உள்ளும் புறமும் இறுகப் பல மாதங்களாகும். முடிந்த படத்துக்கு வார்னிஷ் பூச ஆறு மாதமாவது பொறுக்க வேண்டும் என்பது இதனாலேயே.

இந்தத் தாமதத்தைக் குறை என்று கருதுவோர் உண்டு. தஞ்சைப் பெரிய கோயிலின் சோழர் கால ஓவியங்களை எண்ணிப் பாருங்கள். ஈரச் சுண்ணச் சாந்து காய்வதற்குள் எழுதி முடித்தாக வேண்டிய முறை அது. ஓவியனுக்கு ஒருவரை அழைத்துக் கருத்துக் கேட்க நேரம் ஏது? எண்ணெய் வண்ணம் அந்த நேரத்தை நமக்கு வழங்குகிறது. இன்று எழுதிய கன்னத்தை நாளை துடைத்துவிட்டு மீண்டும் எழுதலாம். இம்முறையை ஐரோப்பியரே முதலில் கண்டனர் என்று நெடுங்காலம் நம்பப்பட்டது. ஆப்கானிஸ்தானத்துப் பாமியான் குகைகளில், ஏறத்தாழ ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்த சுவரோவியங்களிலேயே உலரும் எண்ணெய் கலந்திருப்பதை 2008இல் வெளியான ஆய்வு காட்டியது. ஆக, இந்தக் கலை ஆசிய மண்ணுக்கும் பழையதே.

செய்முறையில் மூன்று விதிகளை மறத்தலாகாது. முதலாவது, சுவர் இருந்தால்தான் சித்திரம். எண்ணெய் நேராகத் துணியில் படிந்தால் நாளடைவில் துணி இற்றுப்போகும். ஆதலின் பசை தடவி, வெள்ளைப் பூச்சுக் கொடுத்த பிறகே கித்தானில் எழுத வேண்டும். இரண்டாவது, அடிப்பூச்சில் டர்பென்டைன் மிகுதியாகவும், மேலே செல்லச் செல்ல எண்ணெய் மிகுதியாகவும் இருத்தல் வேண்டும். மாறிச் செய்தால், மேற்பூச்சு முன்னதாக இறுகிப் பின்னர் வெடிக்கும். மூன்றாவது, ஆளி விதை எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிப் போடவே கூடாது. எண்ணெய் காற்றோடு சேரும்போது பிறக்கும் வெப்பம் சுருட்டலுக்குள் தேங்கி, நெருப்பின்றியே தீப்பற்றும். நார்க் குவியல்கள் நிறைந்த எங்கள் ஊர் போன்ற இடங்களில் இது உயிர்ப் பிரச்சினை. துணியை விரித்துக் காயவிடுங்கள். இல்லையேல் தண்ணீரில் நனைத்து மூடியுள்ள டப்பாவில் போடுங்கள்.

மறைத்தவரும் காட்டியவரும்

எண்ணெய் ஓவியம் தென்னாட்டில் வேரூன்றிய வரலாறு, கலையை மறைப்பதற்கும் காட்டுவதற்கும் இடையே நடந்த போராட்ட வரலாறு எனலாம். இரவிவர்மா (1848–1906) இளம் வயதில் திருவனந்தபுரம் அரண்மனைக்கு வந்தபோது, எண்ணெய் வண்ண நுட்பம் தெரிந்தவர் அங்கே இருந்தார். அவர் மதுரையைச் சேர்ந்த அரண்மனை ஓவியர் இராமசாமி நாயக்கர். அந்நுட்பத்தை இளைஞருக்குக் கற்றுத்தர அவர் இசையவில்லை. அவருடைய மாணாக்கர் ஆறுமுகம் பிள்ளையே ஆசிரியர் அறியாமல் இரவிவர்மாவுக்குச் சில நுட்பங்களைக் காட்டிக்கொடுத்தார் என்று வாழ்க்கை வரலாறுகள் கூறுகின்றன. 1868இல் டென்மார்க்கில் பிறந்த தியோடர் ஜென்சன் மன்னரின் படம் எழுத வந்தார். அவரும் கற்பிக்க முன்வரவில்லை. எழுதும்போது அருகிருந்து பார்க்க மட்டுமே இடம் கொடுத்தார். பார்த்தே கற்றவர் 1873இல் சென்னைக் கண்காட்சியில் தங்கப் பதக்கம் பெற்றார்.

ஒரு கலையின் வருங்காலம், ஒரு மாணாக்கரின் தாராள மனத்தில் தொங்கிக்கொண்டிருந்தது என்பதை எண்ணும்போது வியப்பும் அச்சமும் ஒருங்கே எழுகின்றன. இரவிவர்மாவை உலகம் அறியும். ஆறுமுகம் பிள்ளையை எத்தனை பேர் அறிவர்?

பின்வந்தோர் இதற்கு மாற்றுக் கண்டனர். சென்னையில் 1850இல் தோன்றிய ஓவியப் பள்ளி, பலர் ஒரே கூடத்தில் எழுதிப் பழகும் வழியைத் திறந்தது. 1957 முதல் அதன் முதல்வராக விளங்கிய கே.சி.எஸ். பணிக்கர், 1966இல் தம் மாணாக்கர்களோடும் நண்பர்களோடும் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை அமைத்தார். கைவினைப் பொருள்களைச் செய்து விற்று வாழ்க்கையை நடத்திக்கொண்டே, ஒருவர் படைப்பை ஒருவர் பார்த்தும் விவாதித்தும் அவர்கள் வளர்ந்தனர்.

எங்கள் ஊரில் எழுதிய படம்

சென்ற விடுமுறையில் என் அப்பத்தாவின் உருவப்படத்தை எழுதினேன். எழுபதைக் கடந்த அவர் இன்றும் கயிறு திரிப்பவர். காலை வெளிச்சத்தில் திண்ணையில் அமர்ந்து, ஏழு நாள் எனக்காக அசையாதிருந்தார். முதலில் நீர்த்த பழுப்பு வண்ணத்தால் கோடுகள் மட்டும் இட்டேன். வண்ணம் தீட்டாத இத்தகைய கோட்டுருவை நம் முன்னோர் 'புனையா ஓவியம்' என்றனர். அந்நிலையிலேயே இருவரை அழைத்துக் காட்டினேன். ஒருவர், உடன் பயிலும் தோழர். பென்சில் ஓவியத்தில் வல்லவர். மற்றவர், ஊரில் பெயர்ப்பலகை எழுதும் பெரியவர்.

மார்பளவுப் படமாக எழுத எண்ணியிருந்தேன். தோழரோ, "கைகள் இல்லாமல் இவர் யார்?" என்று கேட்டார். நார் இழுத்து இழுத்துக் காய்த்துப்போன அந்தக் கைகள் அதனால்தான் படத்துக்குள் வந்தன. நிறம் தீட்டத் தொடங்கிய நாளில் பெரியவர், "கருப்ப எடுக்காத தம்பி. நம்ம தோலுக்குள்ள செவப்பும் இருக்கு, நீலமும் இருக்கு. நல்லாப் பாரு" என்றார். மஞ்சட்காவி, செங்காவி, அல்ட்ராமரின் நீலம், வெள்ளை ஆகிய நான்கைக் கொண்டே முகம் முழுவதையும் எழுதினேன். வானத்தை நோக்கிய நெற்றியிலும் கன்னத்து மேட்டிலும் மெல்லிய நீலம் படர்ந்திருப்பது அதற்குப் பிறகுதான் கண்ணுக்குப் புலப்பட்டது. கடைகளில் விற்கும் 'தோல் நிற'க் குழாய் வண்ணம் நம் மக்களுக்காகச் செய்யப்பட்டதன்று.

காதுகளை எழுதும்போது கருத்து வேறுபாடு எழுந்தது. தண்டட்டி அணிந்து வளர்ந்து தொங்கும் காதுகள் அவை; இப்போது வெறுமையாக இருக்கின்றன. "நிலைத்து நிற்கப்போகும் படம், தண்டட்டியை எழுதிவிடு" என்றார் தோழர். "இருப்பதை எழுதுவதே உருவப்படம்" என்றார் பெரியவர். இருவர் சொல்லிலும் நியாயம் இருந்தது. அப்பத்தாவையே கேட்டேன். "வேணாம் அப்பு. அது போயித்தான் நீ காலேசுக்குப் போற. வெறுங்காதாவே இருக்கட்டும்" என்றார். அவ்வாறே எழுதினேன். அந்த வண்ணம் உலர நாட்கள் பல ஆயின. அதற்குப் பிறகு அதன்மேல் நான் தூரிகை வைக்கவில்லை.

காட்டும் முறை

இதிலிருந்து நான் கற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்வேன். கோட்டுருவின்போது ஒருமுறை, முதற்பூச்சின்போது ஒருமுறை, மேற்பூச்சுக்கு முன்பு ஒருமுறை எனப் படத்தை மூன்று முறை காட்டுக. "நன்றாக இருக்கிறதா?" என்று கேட்டால் "நன்றாக இருக்கிறது" என்ற விடையே கிடைக்கும். "வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருகிறது?", "உங்கள் கண் முதலில் எங்கே செல்கிறது?" என்று கேளுங்கள். துணைக்கு ஆள் இல்லாதபோது, படத்தை நிலைக்கண்ணாடியில் பாருங்கள். இடவலம் மாறிய படம் புதியவர் கண்ணைப்போல உண்மை சொல்லும். பார்க்க வந்தவரும் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும். கண்டதைச் சொல்லலாம், தூரிகையை வாங்கலாகாது. நிறமும் அளவும் ஒளியும் பிறர் கண்ணால் திருந்தும். எதை எழுதுவது, எதை விடுவது என்ற முடிவோ, எழுதுபவனுக்கும் எழுதப்படுபவருக்கும் மட்டுமே உரியது.

செட்டிநாட்டு மாளிகைகளில் முன்னோரின் உருவப்படங்கள் வரிசையாகத் தொங்குவதைக் காரைக்குடிப் பக்கம் சென்றோர் கண்டிருப்பர். மன்னர்க்கும் செல்வர்க்குமே நெடுங்காலம் வாய்த்த பேறு அது. கும்பகோணம் அரசு கவின்கலைக் கல்லூரியில் பயின்று, 2021இல் கொரோனாத் தொற்றால் மறைந்த ஓவியர் எஸ். இளையராஜா, கிராமத்துப் பெண்களின் முகங்களை அத்தகைய மதிப்போடு எழுதிக் காட்டினார். வயலிலும் களத்திலும் கயிற்றுக் கொட்டகையிலும் உழைப்போரின் முகங்கள் இன்னும் எழுதப்படாமலே எண்ணற்றவை உள்ளன. ஒருவர் கையால் எழுதி முடியும் வேலையன்று இது. தெரிந்தவர் தெரியாதவர்க்குக் காட்டுவோம். எழுதியவர் எழுதும்போதே காட்டுவோம். நம் கல்லூரியிலிருந்து நாளை ஓர் இரவிவர்மா தோன்றுவாரோ, அறியேன். ஆறுமுகம் பிள்ளையாக நம்முள் ஒவ்வொருவரும் இருக்க முடியும்.