ஒரே பந்தியில்



கோயிலில் அன்னதானம் எதற்கு என்று கேட்டால், பசி தீர்ப்பதற்கு என்போம். அப்படியாயின் பசியில்லாதவரையும் பந்தியில் அமரும்படி பெரியோர் ஏன் வற்புறுத்தினர்? இதற்கு விடை தேடப் படைவீரர்களின் வாழ்க்கை உதவும்.

இந்திய இராணுவத்தில் ‘படா கானா’ என்றொரு வழக்கம் உண்டு. விசேட நாட்களில் அதிகாரிகளும் சிப்பாய்களும் ஓரிடத்தில் கூடி ஒரே உணவை உண்பர். பிரித்தானிய இராணுவத்தில் நத்தார் விருந்தன்று அதிகாரிகளே சிப்பாய்களுக்குப் பரிமாறுவர். ஒருவர் உயிரை மற்றவர் காக்கவேண்டிய தொழிலில் கட்டளை மட்டும் போதாது, நம்பிக்கையும் வேண்டும். அமெரிக்கத் தீயணைப்பு வீரர்களை ஆராய்ந்த கோர்னெல் பல்கலைக்கழகத்தாரும், சேர்ந்து உண்ணும் குழுக்கள் பணியிலும் சிறந்து விளங்குவதாக 2015இல் எழுதினர்.

படையை விட்டு விலகியவருக்கு அந்தப் பந்தி இல்லாமற் போகிறது. வளைகுடா நாடுகளில் காவலாளிகளாக வேலை செய்வோரில் இந்திய, நேபாள, இலங்கை முன்னாள் படைவீரர்கள் பலர் உள்ளனர். வேலை முடிந்து அறைக்கு வந்து, ஆறிய சோற்றைத் தனியே உண்பவர்களும் அவர்களில் உண்டு.

டுபாய் ஜெபல் அலியில் 2012இல் திறக்கப்பட்ட சீக்கியர் குருத்துவாராவில் எம்மதத்தவருக்கும் இலவச உணவு உண்டு. அதனை ‘லங்கர்’ என்பர். தலையை மூடி, காலணி கழற்றி, வரிசையாக அமர வேண்டும். 2013இல் ஒரு வெள்ளிக்கிழமை அங்கே போயிருந்தேன். பக்கத்தில் இருந்தவர் சிங்களவர், காவலாளி. என் அரைகுறைச் சிங்களத்தில் கதை தொடங்கியது. தாம் சிப்பாயாக யாழ்ப்பாணத்தில் இருந்ததாகச் சொன்னார். 1995இல் அந்த ஊரை விட்டு நடந்து வெளியேறிய சிறுவர்களில் நானும் ஒருவன்.

எழுந்துவிடலாமா என்று தோன்றியது. ஆனால் பந்தியில் இடையில் எழுவது நம் வழக்கமல்ல. ரொட்டி வந்தது; இருவரும் இரு கைகளையும் ஏந்தி வாங்கினோம். சிறிது நேரம் கழித்து, “உங்கள் வீடு இருக்கிறதா?” என்று மெல்லக் கேட்டார். “சுவர் இருக்கிறது” என்றேன். அவர் வேறொன்றும் பேசவில்லை. சாப்பிட்டபின் என் தட்டையும் தன் தட்டோடு எடுத்துச் சென்றார். அடுத்த வெள்ளி எனக்கும் சேர்த்து இடம் பிடித்து வைத்திருந்தார்.

எங்களுக்குள் எல்லாம் தீர்ந்துவிட்டது என்று நான் சொல்லவில்லை. ஒருவரையொருவர் பயமின்றிப் பார்க்க முடிந்தது. அதற்கே பதினெட்டு வருடங்கள் சென்றன.

இதிலிருந்து நாம் கற்கக்கூடியவை:

1. பந்தியில் தனி இடம் கூடாது. நன்கொடை தந்தவரும் நேற்று வந்தவரும் ஒரே வரிசை.

2. இன்று உண்டவர் நாளை பரிமாற வேண்டும். எப்போதும் வாங்குபவராகவே இருப்பவர் மனம் கூசுவார்.

3. அறைகளில் சேர்ந்து சமைப்போர் மாதக் கணக்கைச் சுவரில் ஒட்டிவிடுங்கள். கணக்காளன் என்ற முறையில் சொல்கிறேன்: மறைத்த கணக்கால் கலைந்த மெஸ்கள் பல.

4. போரைக் கண்டவரிடம் கதை கேட்டு நெருக்க வேண்டாம். சோற்றைப் பரிமாறுங்கள், பேச விரும்பும்போது அவரே பேசுவார்.

அடுத்த அன்னதானத்தன்று, தெரிந்தவர் பக்கத்தை விட்டு, தனியே வந்தவர் பக்கத்தில் அமர்ந்து பாருங்கள்.